விஷம் பிரித்த மாப்பிள்ளை

சாயப்பட்டறை முதலாளியின் மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வர்றாரு. நம்ம கழிவுத் தண்ணியில இருக்கற விஷத்தையெல்லாம் அதுக்குள்ள பிரிச்சு வெச்சிருக்கோணும். இல்லீன்னா எங்கூட்டு வாசப்படி ஏறாதீங்க மாப்பிள்ளை."

பிரிக்கிற மெஷின் புதிதாக வந்து இறங்கியிருந்தது. கேஸ் குரோமட்டோகிராஃப் என்று பெயர். உதவிக்குப் பட்டறை ஆட்கள் செங்கோடனும் குப்பண்ணனும். இருவருக்கும் மூளை உண்டு. உபயோகித்துத் தேய்த்துவிடவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் கம்பெனி இன்ஜினியர் போனில் விளக்கினார். "ஊசியில ஒரு சொட்டு ஏத்துங்க. சூட்டுல ஆவியாகி, உள்ளே சுருட்டி வெச்சிருக்கிற நீளமான குழாயில ஓடும். ஒவ்வொரு விஷத்துக்கும் ஒவ்வொரு வேகம். தனித்தனியா வெளியே வரும்."

செங்கோடன் மூடியைத் திறந்தான். மயிரிழைக் கனத்தில் குழாய் வளையம் வளையமாகக் கிடந்தது.

"இத்தன சுத்துச் சுத்துனா விஷத்துக்குக் கிறுகிறுன்னு வராதுங்களாண்ணா?"

"வருமப்பா! மயங்கி உள்ளயே படுத்துக்கிச்சுன்னா?" என்றார் குப்பண்ணன். நாச்சிமுத்துவுக்கு மாமனார் வீட்டு வாசப்படி கண்முன் வந்து நின்றது.

சுருளை அவிழ்த்து நேராக்கினார்கள். குழாய் ஜன்னலைத் தாண்டி கேன்டீன் வரைக்கும் போனது. சூடு வேண்டுமே என்று நடுவில் இட்லிக் குண்டானுக்குள் விட்டு எடுத்தார்கள். அன்றைக்குக் கேன்டீனில் யாரும் இட்லி கேட்காதது தொழிலாளிகள் செய்த புண்ணியம்.

மறுமுனையில் குப்பண்ணன் பாலித்தீன் பையோடு குந்தியிருந்தார். ஒரு நாற்றம் வந்ததும் ஒரு பையைக் கட்டினார். நாற்றம் மாறியதும் அடுத்த பை. இப்படி மூன்று பை, கும்மென்று உப்பி. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

மேசையில் வைத்ததும் ஃபேன் காற்றுக்குப் பைகள் மூலைக்கொன்றாகப் பறந்தன.

"ஒண்ணு போனாலும் எம் பொழப்புப் போச்சு!" என்று நாச்சிமுத்து பதறினார். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஆலோசித்தார்கள்.

அதிகாரி வந்தார். பின்னாலேயே மாமனாரும்.

"பிரிச்சாச்சா?"

"ஆச்சுங்க. மொத்தம் மூணு விஷம்." நாச்சிமுத்து ஒரு பெரிய பையை நீட்டினார்.

"ஒண்ணுதானே இருக்கு. மத்த ரெண்டும்?"

"பறந்து போயிருமுன்னு எல்லாத்தையும் இதுக்குள்ளயே ஒண்ணாப் பிரிச்சு வெச்சிருக்கமுங்க."

அதிகாரி பையைக் கீழே வைத்தார். எல்லாரையும் வெளியே அனுப்பி, பட்டறைக் கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாமனார் அந்த அரக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"நீங்க பையத்தான் கட்டுனீங்க. கவருமென்ட்டு பட்டறையவே கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்குது! இனி ஒரு பொட்டு விஷம் வெளிய போகாது. வாங்க மாப்பிள்ளை, ஊட்டுக்குப் போலாம். கோழி அடிக்கச் சொல்றேன்."