நண்டார் கலப்பத்துப் போட்ட தோணி

அந்தக் காலத்தில், கடற்கரையில் பிறந்த உயிரெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், நண்டார் நேராகத்தான் நடந்தார். சொந்தமாக ஒரு பாய்த்தோணி இருந்ததால், நாலு பேர் பார்க்கும்படி நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். யாராவது கூப்பிட்டால் போதும், போட்டது போட்டபடி கிடக்க, முழுசாகத் திரும்பி நின்று பதில் சொல்வார்.

அந்த வருஷம் அவர் மனைவி நண்டம்மாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீடு எதிரே இருக்கும் தீவில். வாடைக்காற்று கிளம்பிவிட்டால் ஒரு தோணியும் அக்கரை போகாது. நண்டாரின் தோணியோ வெயிலில் காய்ந்து, பலகைக்குப் பலகை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"மரங்கொத்தி மேஸ்திரியைக் கூப்பிடுங்களேன்" என்றாள் நண்டம்மா.

"என் தோணியில அடுத்தவன் கை வைக்கணுமா? எனக்கு ரெண்டு கொடுக்கு எதுக்கு இருக்கு?"

சும்மா சொல்லக் கூடாது, மனுஷருக்கு, இல்லை, நண்டாருக்கு வேலை தெரியும். கிழிந்த பாயைத் தானே தைத்தார். இற்றுப்போன கயிற்றை மாற்றினார். அப்புறம் கலப்பத்துக்கு உட்கார்ந்தார். பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் குத்தி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. நண்டார் ஒரு கொடுக்கால் திரியைப் பிடித்து, மறு கொடுக்கால் குத்திக்கொண்டே வந்தார்.

பாதி வேலையில் கூழைக்கடா பறந்து வந்து சேர்ந்தது. அதற்கு வேறு வேலை ஏது?

"என்ன மாமா, நீங்களே போடுறீங்களா! மேஸ்திரி கெட்டான் போங்க."

நண்டாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திரியை எப்படி முறுக்குவது, எப்படிக் குத்துவது என்று ஆதியோடந்தமாக அளந்தார். பேசி முடித்துத் திரும்பியவர், விட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்த ஆரம்பித்தார். குங்கிலியம் பூசியபின் எல்லாச் சந்தும் ஒரே நிறம். பஞ்சு இல்லாத அந்த ஒரு சாணை யார் கண்டது?

கிளம்பினார்கள். பாய் நன்றாகத்தான் காற்றுப் பிடித்தது. நடுக்கடலில் நண்டம்மா, "காலெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள். பூச்சு உரிந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நண்டார் எந்தச் சந்து என்று தடவித் தடவிப் பார்த்தார். கண்டுபிடிப்பதற்குள் தோணி கவிழ்ந்தது. இருவரும் ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். நண்டம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருந்த முட்டைகளை அலை கொண்டுபோய்விட்டது.

நண்டம்மா அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "உங்களுக்கு வேலை தெரியுமே. பின்ன எப்படி?"

"கூழைக்கடா கூப்பிட்டான். திரும்பிட்டேன்" என்றார் நண்டார். பெற்ற வயிறு எரிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு அந்த ஒரு சாண் நெஞ்சிலேயே கிடந்து அறுத்தது.

மறு வருஷம் நண்டம்மா மறுபடி சினையானாள். நண்டார் கரை ஒதுங்கிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு தோணி கட்டினார். கலப்பத்துக்கு நின்றவர் சந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் பலகையைப் பார்த்தபடி இருக்க, கால்கள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தன. முனையிலிருந்து முனைக்குப் போனார், வந்தார். கூழைக்கடா கத்திப் பார்த்தது. கடற்காக்கை தலைக்கு மேலேயே வட்டமிட்டுக் கூப்பிட்டது.

வேலை முடிந்தது. நண்டம்மா தோணியருகே வந்து ஏறாமல் நின்றாள்.

"இன்னிக்கு யார் யார் வந்து கூப்பிட்டாங்க?"

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்றார் நண்டார், பலகையைப் பார்த்தபடியே.

நண்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியில் ஏறினாள்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. நாம் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் நின்று பதில் சொல்லாமல் ஓடிவிடுகிறது.