கொப்பைத் தாழ்த்திய பிள்ளை

மூங்கில் மடுவின் கரையில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்து வந்தது. அதற்குக் கட்டையன் என்ற கிழட்டுக் கடுவன் தலைவன். வயதில் பெரியவன், வாயில் அதைவிடப் பெரியவன்.

அந்தக் கூட்டத்தில் சடைச்சி என்றொரு தாய் இருந்தாள். அவளுடைய முதல் குட்டி பஞ்ச காலத்தில் செத்துப்போனது. மூன்று மழை பொய்த்த காலம் அது. மடு சேறாகி, சேறு வெடிப்பாகி, அத்தி மரம் ஒரு காய்கூடக் காய்க்காமல் நின்றது. தாய்களுக்குப் பால் வற்றியது. சடைச்சியின் குட்டி மடியில் கிடந்தபடியே உயிரை விட்டது, அவளுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் அது காய்ந்த சருகு போலத்தான் இருந்தது. இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

கூட்டத்தில் இப்படிப் பதினோரு குட்டிகள் போயின. அப்போது கட்டையன் தன் ஆயுளில் உருப்படியாக ஒரே ஒரு காரியம் செய்தான். கரைப் பாறைக்கு மேலே நாவல் மரத்தின் கொப்பு ஒன்று நீண்டிருந்தது. பௌர்ணமிதோறும் காலையில் ஒவ்வொரு குட்டியும் அந்தக் கொப்பைப் பிடித்துத் தொங்க வேண்டும். நுனி இலை பாறையைத் தொட்டால் குட்டி தேறிவிடும். தொடவில்லை என்றால், கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தத் தாய்க்குக் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். அதனால் நாலைந்து குட்டிகள் பிழைக்கவும் செய்தன.

பிறகு மழை பெய்தது. மடு நிரம்பியது. காட்டை ஒட்டி மலைமேலிருந்த கோயிலுக்கு ரோடும் வந்தது. வளைவில் வேன்கள் நிற்கும். வேனில் வந்தவர்கள் பன்னும் பிஸ்கட்டும் ஜிலேபியும் வீசுவார்கள். குழல் செருகிய மாம்பழ ரச டப்பாக்களைப் பாதி குடித்துவிட்டு எறிவார்கள். ஒன்றிரண்டு தாய்களைத் தவிர மற்ற குரங்குகள் காடு என்று ஒன்று இருப்பதையே மறந்து ரோட்டோரமே கிடந்தன.

இப்போது அநேகமாக எந்தக் குட்டி தொங்கினாலும் நுனி இலை பாறையைத் தொட்டது. ‘சரி, பஞ்சம் போய்விட்டது, இனி வேறு எதையாவது பார்ப்போம்’ என்று நினைத்திருக்க வேண்டும். நினைப்பதற்கு அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள்? இலை தொட்டால் போதாது, கொப்பே பாறையில் படிய வேண்டும் என்று கட்டையன் அறிவித்தான். எந்தக் குட்டி கொப்பை அதிகம் தாழ்த்துகிறதோ, அதன் தாய்க்கு அந்த மாதம் முழுக்க அத்தி மரத்தில் கிளை பிரியும் குளிர்ந்த கவட்டில் தலைவன் பக்கத்தில் இடம். மற்ற பெண் குரங்குகள் அவளுக்குப் பேன் பார்க்க வேண்டும்.

சடைச்சிக்கு இரண்டாவது குட்டி பிறந்தது. மொச்சை என்று பேர் வைத்தாள். பிறந்த அன்றே அவள் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இந்தப் பிள்ளை மடியில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். கை கடுக்க வேண்டும். கனம் இருந்தால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பெற்றவளின் பயம் அது, அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவள் செய்ததைக் கேளுங்கள். ரோட்டில் முட்டி மோதி, கடிபட்டு, ரச டப்பாக்களைப் பிடுங்கி வந்தாள். குழலைக் குட்டியின் வாயில் செருகினாள். இனிப்பு கண்ட குட்டி மடியைத் தேடவில்லை. பக்கத்தில் இருந்தவள், இன்னும் பல்லே சரியாக முளைக்காத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, என் பால் தண்ணீராட்டம் இருக்கிறது, அதில் என்ன சத்து என்று சடைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடிக்க ஆளில்லாத பால் எத்தனை நாள் ஊறும்? சில வாரத்தில் வற்றிவிட்டது. பஞ்சத்தில் வற்றியதற்கு அழுதவள், இதற்கு அழவில்லை.

மொச்சை ஊதிப் பருத்தான். கழுத்து தோளுக்குள் இறங்கியது. மற்ற குட்டிகள் விழுதில் ஆடி, வாலைப் பிடித்து இழுத்து, மடுவில் விழுந்து எழுந்தபோது, அவன் கையில் பன்னோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“என்ன சாதுவான பிள்ளை!” என்று கூட்டமே மெச்சியது.

கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு கால் ஊனம். ரோட்டுப் பக்கம் வந்தால் மற்றவர்கள் கடித்து விரட்டுவார்கள். எல்லாரும் தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் காகிதத்தை நக்குவதுதான் அவள் பங்கு. அவளுடைய குட்டி சிட்டு தொங்கினால் நுனி இலை அசையக்கூட மாட்டேன் என்றது. வழக்கப்படி ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்திருக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. ரோட்டில் அவ்வளவு கொட்டிக் கிடக்கிறதே, போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கட்டையன் அவளுக்குப் புத்தி சொன்னான். முந்தின நாள் ரோட்டோரத்தில் அவளைக் கடித்தவனும் அவன்தான்.

அடுத்த பௌர்ணமி வந்தது. மொச்சையைக் கொப்பில் தொங்கவிட்டார்கள். விரல்கள் கொப்பைச் சுற்றின, ஒரு நொடி நின்றன, விட்டுவிட்டன. தொப்பென்று புல்லில் விழுந்து அலறினான். அடுத்து வந்த கொழுத்த குட்டியும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது.

இதைப் பார்த்த பிறகாவது ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். கட்டையன் தொண்டையைச் செருமினான்.

“கொப்பு வழுக்குது. பிள்ளைங்க மேல தப்பு இல்ல. இனிமே தொங்க வேண்டாம், உட்காந்தா போதும். ஆத்தாக்காரி பிடிச்சுக்கலாம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். சடைச்சி மொச்சையைக் கொப்பின்மேல் உட்கார வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொப்பு பாறையில் போய்ப் படிந்தது. கூட்டம் குதித்தது. பிறகு சிட்டுவை ஏற்றினார்கள். கொப்பு தாழவேயில்லை.

“தேவாங்கு!” என்று யாரோ கத்த, எல்லாரும் இளித்தார்கள்.

நாவல் மரத்துப் பொந்தில் உண்மையாகவே ஒரு தேவாங்கு இருந்தது. பகலெல்லாம் தூங்கும் பிராணி. தன் பேரைக் கேட்டு விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

“எதுக்குய்யா எம்பேர இழுக்கிறீங்க? நான் ஒல்லின்னா எங்க இனமே ஒல்லி, எனக்கு இது அளவான உடம்பு. அந்தப் பிள்ளை பசியில கெடக்கு, அது வேற. இந்தப் பிள்ளை தீனியில கெடக்கு, அது வேற. ஒண்ணுக்குப் பிடிக்கத் தெம்பு இல்ல, இன்னொண்ணுக்குப் பிடியே இல்ல. குரங்காப் பொறந்துட்டு உட்காந்து எடை காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?”

கட்டையன் கல்லை எடுத்தான். தேவாங்கு பொந்துக்குள் தலையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கப் போனது. முட்டாள்களோடு பேசித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அதற்கு என்ன தலையெழுத்தா?

சடைச்சி மட்டும் மொச்சையின் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை வெளுத்து, பஞ்சு போல அமுங்கியது. மனசுக்குள் ஏதோ நெருடியது. அதற்குள் இரண்டு பெண் குரங்குகள் வந்து, பேன் பார்க்க வரட்டுமா அக்கா என்று கேட்டன. அவள் கையை மூடிவிட்டு, குளிர்ந்த கவட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் சிறுத்தை வந்தது.

காவலுக்கு இருந்த கடுவன் குரல் கொடுத்ததும் கூட்டம் சிதறியது. குரங்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரியாது. பிள்ளைதான் தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். தாய்க்கு நான்கு காலும் ஓடவும் தாவவும் வேண்டும். காட்டுப் பக்கமே மேய்ந்து, தாய்ப்பாலும் அத்தியும் கொழுந்தும் தின்று வளர்ந்த இரண்டு மூன்று குட்டிகள் ஒட்டிக்கொண்டன. அவற்றின் தாய்கள் ஒரே தாவில் மருத மரத்தின் உச்சிக்குப் போய்விட்டார்கள்.

மொச்சை பிடித்தான், வழுக்கினான். சடைச்சி ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு மூன்று காலில் ஓடினாள். மருத மரத்தின் முதல் கவடு வரை எப்படியோ ஏறிவிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. அவனை அங்கே வைத்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளினாள்.

“ஏறுடா சாமி, ஏறு.”

அவன் அண்ணாந்து பார்த்தான். மூச்சு வாங்கியது. ஏறுவது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

அதே கவட்டில் ஒச்சாயியும் வந்து நின்றாள். சிட்டுவும் ஏற முடியாமல் பட்டையில் நகத்தை ஊன்றி ஊன்றிச் சறுக்கிக்கொண்டிருந்தது. சிறுத்தை அடியில் வந்து நின்று இரண்டு குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தது.

“ஒண்ணுக்கு ஏறத் தெம்பில்ல. இன்னொண்ணுக்கு ஏற மூச்சில்ல. நல்லாத்தான் பிள்ளை வளர்க்குறீங்க.”

ஒச்சாயி சிட்டுவின் பிடரித் தோலைப் பல்லால் கவ்வினாள். எலும்பும் தோலுமாக இருந்ததால் கவ்வித் தூக்க முடிந்தது. நொண்டிக்கொண்டே மேலே போனாள். சடைச்சியும் மொச்சையைக் கவ்வினாள். தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சாண் உயர்ந்தான். பல் நழுவியது.

சிறுத்தை ஒருமுறைதான் எம்பியது.

அது போன பிறகும் நெடுநேரம் யாரும் இறங்கவில்லை. சடைச்சி அந்தக் கவட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். வெறும் மடியைக் குனிந்து பார்த்தபடி இருந்தாள். உச்சியிலிருந்து கட்டையன் மெல்ல இறங்கி வந்து, நாலு பேர் பார்க்க அவள் தோளைத் தட்டினான்.

“மனசத் தேத்திக்க. இந்த மடுக்கரையிலே அந்த மாதிரிப் பிள்ளை இதுவரைக்கும் பொறந்ததில்ல. கொப்பையே பாறையில படிய வச்சவன். சிறுத்தையே இழுத்துட்டுப் போகத் திணறுச்சு, பாத்தியா? அதுவே ஒரு பெருமைதான்.”

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“மொதப் பிள்ளை கனம் இல்லாம போச்சு. இது கனத்தால போச்சு. ரெண்டையும் நான் கனத்தை வச்சுத்தான் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்கவே இல்ல. எனக்குப் புத்தி வந்துருச்சு, ஆனா பிள்ளை இல்ல. உங்களுக்கெல்லாம் பிள்ளை இருக்கு, புத்தி வருமா? அதோ மேல சிட்டு கெடக்கு. அடுத்த சிறுத்தை வர்றவரைக்கும்கூட அது தாங்காது. யாராச்சும் அதைப் பாருங்க.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. இரண்டொரு தாய்கள் தங்கள் குட்டிகளின் உள்ளங்கையை விரித்துப் பார்க்கவும் செய்தார்கள். அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் காடு உருப்பட்டிருக்கும்.

ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது.

முதலில் ஓடியவன் கட்டையன். அவன் பின்னால் கூட்டமே ஓடியது. கடைசியாக ஒரு தாய், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட தன் குட்டியை, “வாடா ராசா, ஜிலேபி போடுறாங்க” என்று கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு குழந்தை பசியில் வாட, இன்னொரு குழந்தை தீனியில் ஊத, எடையைக் காட்டிப் பெருமை பேசும் கூட்டத்துக்குப் பஞ்சமும் ஒன்றுதான், செழிப்பும் ஒன்றுதான்: இரண்டிலும் அது பிள்ளைகளைத்தான் பலி கொடுக்கும்.