ஆமாம்பட்டி மாப்பிள்ளை விசாவுக்குப் போன கதை

ஆமாம்பட்டியில் யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதுவும் சொல்வதே கிடையாது. விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

அப்படி மாட்டியவள் நளாயினி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஒரு குளிர்தேசத்துக்குப் போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்ட பெண். மதுரைக்குக் கோயில் பார்க்க வந்தவள் ஆமாம்பட்டி தவசியின் வேனை வாடகைக்கு எடுத்தாள். கோயில் வாசலில் இறங்கும்போது, "நான் வருமட்டும் இதிலேயே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே சொந்தக்காரர்கள் அகப்பட, அவர்களோடு அப்படியே ராமேஸ்வரம் போய் மூன்றாம் நாள்தான் திரும்பினாள். தவசி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வேனை மட்டும் போலீஸ் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"வேனு போனாப் போகுதுங்க. நீங்க என்னையத்தான நிக்கச் சொன்னீங்க" என்றான்.

இப்படி ஒரு ஆம்பளையை உலகத்தில் எங்கே தேடுவது என்று நளாயினிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண், படித்த பெண். ஆனால் காதல் வந்தால் புத்தி கொஞ்ச நாள் லீவு போட்டுவிடுகிறது.

கல்யாணம் ஆமாம்பட்டியிலேயே நடந்தது. "படத்தில சொந்தக்காரர் எல்லாரும் நிக்க வேணும். விசாவுக்கு அதைத்தான் பாப்பினம்" என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பொறுப்பைத் தவசியின் தாய்மாமன் வெள்ளைக்கண்ணு எடுத்துக்கொண்டார். படம் வந்தது. ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மணமக்களைத்தான் காணோம்.

"நாங்கள் எங்க மாமா?" என்று கேட்டாள் நளாயினி.

"சொந்தக்காரங்க நிக்கவே எடம் பத்தல தாயி. நீங்க பொண்ணு மாப்ள. உங்களை எதுக்கு இதுல சேக்கணும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

அவள் அவர்களை மறுபடி நிற்கவைத்து நாலு படம் எடுத்துக்கொண்டு தன் நாட்டுக்குப் போனாள். போன கையோடு புருஷனை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். அவனுக்கென்று கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக் கதவருகே மாட்டியும் வைத்தாள். வேலை முடிந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சட்டைதான். இதை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கதையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அடுத்து போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்று போனில் சொன்னாள். தவசி ஸ்டேஷனுக்குப் போனான். "யாருப்பா நீ? உன்னைப் பார்த்ததே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். கேஸ் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஆனால் வெள்ளைக்கண்ணு மாமாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தெரியாத ஆளுக்கு எப்படிச் சான்றிதழ் தருவார்கள்? அன்றிலிருந்து தினமும் காலையில் தவசியைக் குளிப்பாட்டிக் கூட்டிப்போய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைத்தார். ஒன்றும் செய்யாதவன் தினமும் எதற்கு வருகிறான் என்று போலீஸுக்குச் சந்தேகம் வந்து, பின்னாலேயே ஆளைப் போட்டு வேவு பார்த்தது. வேவு பார்த்தவர் ஆமாம்பட்டியில் ஒரு வாரம் தங்கினார். திரும்பிப் போனதும், "இவனுக்குத் தப்புப் பண்ற அளவுக்கு விவரம் பத்தாதுங்க ஐயா" என்று சொல்லி, அவரே சான்றிதழை வாங்கிக்கொடுத்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் தினமும் பேசிக்கொள்வதற்கு ஆதாரம் வேண்டும் என்றாள் அடுத்ததாக. ஆதாரம் என்றால் சாட்சிதானே. மாலையில் போன் வந்தால் தவசியைச் சுற்றி மாமாவும் பங்காளிகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"இஞ்சாருங்கோ, ஆரது பக்கத்தில இருமுறது?" என்பாள் நளாயினி.

"அவங்க சாட்சி. நீ கூச்சப்படாம பேசு."

"பிரியமா ரெண்டு வார்த்தை பேசு மாப்ள, நல்லாக் கேக்கட்டும்" என்பார் வெள்ளைக்கண்ணு.

கடைசியில் நேர்காணலுக்குத் தேதி வந்தது. நளாயினி தெளிவாகத்தான் சொன்னாள். "கவனமாக் கேளுங்கோ. விசாவுக்காகக் கலியாணம் கட்டேல்லை எண்டு நீங்கள் விசா அதிகாரியளுக்கு நிரூபிக்க வேணும். அது காணும், வேற ஒண்டும் தேவையில்லை."

ஊர் கூடியது. தலைமை பொன்னழகு. வார்டு தேர்தலில் நின்று, நல்லவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று யாரோ கேட்டதால் எதிராளிக்கே ஓட்டுப் போட்டுத் தோற்றவர்.

"நகைக்காகப் பொண்ணு கட்டலைன்னு ஒருத்தன் எப்பிடி நிரூபிப்பான்?" என்று கேட்டார் பொன்னழகு.

"நகை வேணாம்னு சொல்லணும்" என்றார் வெள்ளைக்கண்ணு. "ஆனா நம்மூர்ல இதுவரைக்கும் ஒருத்தனும் நிரூபிச்சதில்ல."

"அப்ப விசாவுக்காகக் கட்டலைன்னு எப்பிடி நிரூபிக்கிறது?"

விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

தவசிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "விசா வேணாம்னுட்டா நான் அவகிட்ட எப்பிடி மாமா போறது?"

"மொதல்ல கல்யாணம் உண்மைன்னு ஆகட்டும்டா. சேந்து வாழுறதைப் பெறகு பாத்துக்கலாம்" என்றார் வெள்ளைக்கண்ணு.

சென்னையில் அவனை விசாரித்த அதிகாரி தமிழ் தெரிந்த ஓர் அம்மாள். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டார். கோயில் வாசலில் நின்றதைத் தவசி சொன்னான். பொய் சொல்கிறவன் இப்படி ஒரு கதையைக் கட்டமாட்டான் என்று அந்த அம்மாளுக்குப் பட்டது. சிரித்துக்கொண்டே, "உங்களை நம்புறேன். விசா தர்றோம்" என்றார்.

"வேணாம்மா."

"என்ன வேண்டாம்?"

"விசா. நான் அதுக்காகக் கட்டல."

அந்த அம்மாள் மூன்று தடவை எடுத்துச் சொன்னார். மூன்று தடவையும் தவசி கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில், கல்யாணம் உண்மையானது, கணவரே விசாவை மறுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார். ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. 'விசாவைத் தூக்கி எறிந்த தங்கமே வருக' என்று பிளக்ஸ் வைத்திருந்தார்கள்.

சேதி கேட்ட நளாயினி போனில், "உங்களுக்கு விசரே, பைத்தியமே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அழுதாள். அழுது முடித்து, "சரி, நானே வாறன்" என்றாள். வேலையை விட்டாள், வீட்டைக் காலி செய்தாள், ரெண்டு பெரிய பெட்டியோடு ஆமாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினாள்.

அங்கே மேஜை நாற்காலி போட்டுப் பொன்னழகும் வெள்ளைக்கண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். தவசி பக்கத்தில் நின்றான்.

"உக்காரு தாயி" என்றார் பொன்னழகு. "உங்க நாட்டுக்காரங்க எங்க பையனை ஒரு கேள்வி கேட்டாங்க. எங்க ஊரு என்ன கொறைச்சலா? இங்க தார் ரோடு இருக்கு, ரேஷன் கடை இருக்கு. இந்த ஊர்ல குடியேறத்தான் நீ தவசியைக் கட்டுனேன்னு நாலு பேரு பேசக்கூடாதுல்ல. அதனால நீ நிரூபிக்கணும்."

நளாயினிக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களும் உங்கட ரேஷன் கடையும். உந்த ஊர் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று பெட்டியை ஓங்கி உதைத்தாள்.

வெள்ளைக்கண்ணு எழுந்து கைதட்டினார். பொன்னழகுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நிரூபிச்சிருச்சுப்பா. தங்கமான கல்யாணம்" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. நாலு பேர் பெட்டிகளைத் தூக்கினார்கள். மேளக்காரர்கள் முன்னே போக, திரும்பிப் போக நின்ற அதே பஸ்ஸில் அவளை ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காரவைத்தார்கள்.

கண்டக்டர் விசில் அடிக்குமுன் கீழே நின்ற தவசியைப் பார்த்து, "நீ புருஷன்தானப்பா? ஒரு டிக்கெட்டா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும்ண்ணே" என்றான் தவசி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்களுது உண்மையான கல்யாணம்."