எப்சிபாவின் பாஸ்வேர்டு

மடத்து ஆஸ்பத்திரியில் மருந்து, ஊசிகளைப் பதியக் கம்ப்யூட்டர் வைத்து இருபது நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி டாக்டர் சங்கரபாண்டியன் அன்று மத்தியானம் மடத்துக்கு வந்தார். வந்தவர் உட்காரவே இல்லை. மடத்தின் தலைவி உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எட்டு வருஷமாக டாக்டருக்கு அவர்தான் குரு.

"இந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நர்ஸ் எப்சிபாவை வேலையை விட்டு அனுப்பறேன்."

"என்ன செஞ்சாங்க?"

"ஒரு சர்க்கரை நோயாளிக்கு இன்னிக்குக் காலையில் எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி. எட்டரைக்கு மறுபடியும் அதே ஊசி. மனுஷன் மயங்கிட்டார். ஏதோ நல்ல நேரம், பிழைச்சார். ரெண்டு பதிவிலயும் எப்சிபா பேருதான் இருக்கு."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"நான் போடலைன்னு அழறா. மூணு பிள்ளைங்க, இவ சம்பளத்தில்தான் வீடு ஓடுது. எனக்கும் மனசு கேக்கலை. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பார்க்கிறவர்களுக்கே கால் வலிக்கும், அப்படி ஒரு நடை.

"இந்தப் புது முறையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாச்சா?"

"அதெப்படிம்மா? நாற்பது பேரை ரெண்டு நாள் வகுப்பில் உட்கார வெச்சா, வார்டுக்கு வெளியாள் பிடிக்கணும். அந்தச் செலவுக்கு எங்கே போறது? எப்சிபாவை மட்டும் அனுப்பினேன். கத்துக்கிட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லித் தரணும்னேன். அவளோ, தன் வேலைக்கே நேரம் போதலைன்னு தன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி வார்டுக்கு வார்டு ஒட்டிட்டா."

"எட்டு மணிக்கு அவங்க எங்கே இருந்தாங்கன்னு பாருங்களேன்."

டாக்டர் போனை எடுத்துத் தட்டினார். கொஞ்சம் தடுமாறின பிறகுதான் அதில் ஆஸ்பத்திரிப் பதிவேடு திறந்தது.

"எட்டு மணி, ஆண்கள் வார்டில் ஊசி. எட்டு மணி, பிரசவ வார்டில் மாத்திரை. எட்டு மணி, மேல்மாடியில் கட்டு மாத்தினது."

கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

"மூணு இடத்திலயும் ஒரே எப்சிபாவா?"

டாக்டரின் நடை நின்றது.

உலகம்மை போனை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டுக்குள் நுழைந்தவரின் பெயர் திரையின் மேல் ஓரத்தில் இருந்தது.

"நீங்க அந்த வகுப்புக்குப் போனீங்களா?"

"எனக்கு ஏதும்மா நேரம்?"

"அப்புறம் இதை எப்படித் திறந்தீங்க?"

"சீட்டில் இருந்ததைப் போட்டுத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

உலகம்மை கடிதத்தை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்க. சரி, ஒத்துக்கறேன். அதுப்படி பார்த்தா, இப்போ என் முன்னாடி நிக்கிறது எப்சிபாதான். நீயே சொல்லும்மா எப்சிபா, கையெழுத்துப் போடட்டுமா?"