அழுது காட்டு

ஜெர்மனியில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தேடித்தேடி எரித்த காலம் அது. துணி வெளுக்கும் அப்பல்லோனியாவையும் பிடித்து வந்து சபையில் நிறுத்தினார்கள்.

"சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது. எங்கே, அழுது காட்டு!" என்றார் நீதிபதி.

"போன வருஷம் என் மகள் ஊர்சுலாவையும் இப்படித்தான் அழச் சொன்னீர்கள், ஐயா. பயத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை, எரித்துவிட்டீர்கள். அவளுக்காக அழுது அழுதே என் கண் வற்றிப்போச்சு."

கூட்டம் விம்மியது. காவலாளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாருங்கள் ஐயா, இங்கே கண் நனையாதவர்கள் நீங்களும் நானும்தான். விறகை இருவருக்குமாகச் சேர்த்தே அடுக்கச் சொல்லுங்கள்" என்றாள் அவள்.

நீதிபதி வெலவெலத்துப்போய் அவளை விடுவித்தார்.

வாசலில் ஊரார் அவள் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். "இந்தப் புத்தி போன வருஷமே வந்திருக்கக் கூடாதா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.