கொழுந்தன் ஊனின எருக்கு

ஒரு பங்குனி மாசம், பதினெட்டே வீடு இருந்த ஒரு ஊர்ல, குருவம்மா குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேர்ந்துட்டான். பிள்ளை குட்டி இல்ல. அவளுக்குன்னு இருந்தது ஒரு ஓட்டு வீடும் முற்றமும்தான். அந்த வீட்டு மேல கொழுந்தன் ஆண்டியப்பனுக்கு ஒரு கண்ணு.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, எந்த முற்றத்துல எருக்கு தானா முளைக்குதோ, அந்த வீட்டுக்காரங்க அன்னைக்கே வெளியேறணும். வீடு பங்காளிக்கு. இது போதாதா ஆண்டியப்பனுக்கு?

வெடிச்ச எருக்கங்காயை மடியில கட்டிட்டு வந்து, மதில் மேல நின்னு தூவினான். விதையிலதான் பஞ்சு இருக்கே, அது எழும்பி, மேகம் குட்டி போட்ட மாதிரி மிதந்து மிதந்து ஊரைத் தாண்டிப் போச்சு. குருவம்மா முற்றத்துல மல்லாக்கப் படுத்து அதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. ரெண்டாவது தடவை தூவினான், கோடை மழை அடிச்சுட்டுப் போச்சு. மூணாவது தடவை, மதினி வீட்டுல இல்லைன்னு நெனச்சு உள்ளயே இறங்கி, பஞ்சைப் பிச்சுப் போட்டு, வெயில் படுற இடமாப் பார்த்து மண்ணைக் கொத்தி, விதையை ஊனி, மேல பொடிமண் தூவி, தண்ணியும் தெளிச்சான். கதவிடுக்குல நின்னு குருவம்மா பார்த்துக்கிட்டே இருந்தா.

முளைச்சுது. சாம்பல் பூசின மாதிரி தடிச்ச இலை. வரிவரியாப் புழு வந்து இலையைத் தின்னுச்சு, கூடு கட்டித் தொங்குச்சு, ஒருநாள் விடியக்குள்ள கூடு திறந்து செம்மஞ்சள் இறக்கையா எழும்புச்சு. பேச்சுச் சத்தமே இல்லாத அந்த வீட்டுல எங்க பார்த்தாலும் இறக்கை. முழிச்சிருக்கோமா தூங்குறோமான்னு அவளுக்கே தெரியல.

செடி முழங்கால் உயரம் வரட்டும்னு பொறுத்திருந்த ஆண்டியப்பன், ஊரையே கூட்டிட்டு வந்துட்டான்.

"மதினி, மூட்டையைக் கட்டுங்க! எருக்கு முளைச்சிருச்சு."

"ஏன் தம்பி, நீங்க வச்சது நல்லாத்தானே வந்திருக்கு?"

ஊர் அம்பலக்காரர் திரும்பினாரு. "என்ன தாயி சொல்ற?"

"ஆமாய்யா. பஞ்சைப் பிச்சு, வரிசை வரிசையா ஊனி, தண்ணி தெளிச்சுட்டுப் போனாரு. எங்க மாமியா பெத்ததுல ஒண்ணுக்காச்சும் செடி வைக்கத் தெரியுதேன்னு இருந்தேன்."

"பொய்யி! வரிசையாவா ஊனினேன்? தானா முளைச்ச மாதிரி இருக்கட்டும்னு அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தானே..."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். ஊரே சிரிக்குது. குருவம்மா அந்த வார்த்தையைத் தெரிஞ்சு போட்டாளா, தெரியாம போட்டாளான்னு என்னைக் கேக்காதீங்க.

அம்பலக்காரர் துண்டை உதறினாரு. "தானா முளைச்சாத்தான் வழக்கம். இது நட்டது. வீடு அவளுக்குத்தான். மரம் வச்சவன் தண்ணி ஊத்தணும். பூக்குற வரைக்கும் நீயே ஊருணியில இருந்து சுமந்து ஊத்துடா."

"ஐயா, எருக்குக்கு எதுக்குத் தண்ணி? அது பாறையிலயும் வளருமே!"

"தண்ணி செடிக்கில்ல. உனக்கு."

வெயில்லயும் சுமந்தான், பனியிலயும் சுமந்தான், ஊர்ப் பிள்ளைக பின்னாலயே கெக்கலி கொட்டச் சுமந்தான்.

அடுத்த வருசம் ஆவணி, வளர்பிறைச் சதுர்த்தியன்னைக்கு, பிள்ளையாருக்கு முதல் எருக்கம்பூ மாலை குருவம்மா வீட்டுல இருந்து போச்சு. ஆண்டியப்பன் அன்னைக்குத்தான் குடத்தை இறக்கி வச்சான்.