மூன்றாம் தெருப் பூனை

பெனிலா டீச்சரிடம் வீடியோ கேம் ஆடக் கற்றுக்கொண்டவர்களில் முதலில் வந்தவள் சண்முகத்தாய். வயதிலும் அவள்தான் மூத்தவள். டீச்சருக்கு முப்பத்திமூன்று. அவளுக்கு நாற்பத்தேழு.

கோவில்பட்டியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது டீச்சரின் ஹால். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். சாயங்காலம் காலேஜ் பிள்ளைகள் வந்து சத்தம் போட்டு ஆடுவார்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை பெரியவர்கள் நேரம். வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாமல் வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் டீச்சர் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுப்பார் என்றால் அதிகம் பேசமாட்டார். ஆடி முடித்தவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"தோத்தாச்சா? எங்க தோத்தீங்க?" என்று கேட்பார்.

சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

சண்முகத்தாயிடம் கேட்டால் மட்டும், "தோக்கல டீச்சர், கை வழுக்கிருச்சு" என்பாள். ஐந்து வருஷமாக அவளுக்குக் கை வழுக்கிக்கொண்டேதான் இருந்தது. அதற்கும் டீச்சர் தலையை ஆட்டுவார்.

தையல் கடை வைத்திருக்கிற பொம்பளைக்கு இது என்ன பைத்தியம் என்று வீட்டில் கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நன்றாக ஆடினாள். புது ஆட்டம் எது வந்தாலும் நல்லதா சொத்தையா என்று அவள் சொன்னால் சரியாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹாலுக்கு ஒரே ஒரு ஆட்டம் வாங்குவார்கள். வாங்கும் முன் ஒரு வாரம் ஹாலிலோ வீட்டிலோ அதை ஆடிப் பார்க்கலாம். எது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். கடைசியில், "தாயி அக்கா என்ன சொல்லுதாக?" என்றுதான் வந்து நிற்கும். அவளுக்கு அது போதும். வேறு எந்த இடத்திலும் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பேச்சுக்கு டீச்சர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். சுவரில் ஒரு கரும்பலகை. பேச வருகிறவர் முதலில் தன் பெயரை எழுதி, அந்த ஆட்டத்தை எத்தனை மணி நேரம் ஆடினார் என்று பக்கத்தில் எழுத வேண்டும். பிறகுதான் வாயைத் திறக்கலாம். எழுதியது நிஜமா என்று டீச்சர் பார்க்கமாட்டார். வேறு யாரும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை பேச்சுக்கு வந்த ஆட்டத்தின் பெயர் 'பரிசல்'. மதுரையில் நாலு பேர் சேர்ந்து செய்தது. ஊரெல்லாம் வெள்ளம். ஏழு தெரு மூழ்கிக் கிடக்கிறது. ஆடுகிறவர் ஒரு பரிசலைத் தள்ளிக்கொண்டு போய், வீட்டு மொட்டை மாடிகளில் நிற்கும் சனங்களை ஏற்றி, பள்ளிக்கூடத்து மாடியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

செய்து முடிக்கும் முன்னால் அந்த நாலு பேரும் டீச்சரிடம் வந்திருந்தார்கள்.

"வெளிய விடுறதுக்கு முன்னால ஒருத்தர் ஆடிப் பாத்துச் சொல்லணும் டீச்சர். உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க யாரையாவது அனுப்புங்க" என்றார்கள்.

சண்முகத்தாய் அப்போது அங்கேதான் இருந்தாள். தன் பெயர் வரும் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

டீச்சர் நசீமாவை அனுப்பினார்.

நசீமா மசாலா மில் வைத்திருந்தவள். மூன்று வருஷம் பின்னால் வந்தவள். அவளைப்போலத் தோற்கிறவர் அந்த ஹாலிலேயே கிடையாது. தோற்றதும் அங்கிருந்தே கத்துவாள்: "டீச்சர், மறுபடியும் செத்துட்டேன்!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் பத்து நாள் மதுரையில் போய் இருந்துவிட்டு வந்தாள்.

அந்தப் பத்து நாளும் சண்முகத்தாய் தைத்த எந்த பிளவுஸ் கைக்கும் அளவு சரியாக வரவில்லை.

ஆட்டம் வெளிவந்த அன்றே அவள் யாருக்கும் சொல்லாமல் வாங்கினாள். சென்னைக்கு வேலைக்குப் போன மகளின் கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மத்தியான நேரமெல்லாம் வீட்டுக்கு வந்து ஆடினாள். ஒரு கல்யாண பிளவுஸ் கொக்கி வைக்காமலே போய், மணப்பெண்ணின் அம்மா வந்து ஏசிவிட்டுப் போனாள். அதற்கும் அசையவில்லை. ஆட்டம் முடிந்தால்தான் அதைச் செய்தவர்களின் பெயர்கள் வரும். நசீமாவின் பெயர் நிஜமாகவே வருகிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் இரண்டு தெரு சுலபமாகப் போயிற்று. மூன்றாம் தெருவில் மாட்டிக்கொண்டாள். எந்தப் பக்கம் தள்ளினாலும் தண்ணீர் பரிசலைச் சுழற்றி ரேஷன் கடை முக்கிலேயே கொண்டுவந்து விட்டது. இரண்டு நாள். பத்துப் பன்னிரண்டு தடவை முழுகினாள். மானிட்டரை எடுத்துக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது. அப்போதுதான் ஒரு பூனை கத்தியது. நனைந்துபோன மஞ்சள் பூனை. அதுவரை இல்லாத பூனை. ஒரு காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தது. பக்கத்தில் போனாள். பூனைக்குக் கீழே சுவர் இடிந்து, ஒரு பரிசல் நுழையும் அளவுக்கு வழி இருந்தது.

"என் தங்கமே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் பிறகு சில மத்தியானங்களில் நசீமாவையே மறந்துபோனாள். அந்த வெள்ளமும் அந்தச் சனங்களும்தான் இருந்தார்கள். ஞாபகம் வந்ததும் தன் மேலேயே கோபம் வந்தது.

முப்பத்தொரு மணி நேரம் ஆடி முடித்தாள். காலிப் பரிசல் மிதக்க, பெயர்கள் வரிசையாக மேலே ஏறின. எல்லாம் போய்க் கடைசியில் வந்தது.

'ஆடிப் பார்த்தவர்: மு. நசீமா, கோவில்பட்டி.'

ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. பிறகு மறைந்தது. பெயர்கூடப் பரவாயில்லை. ஊரையும் சேர்த்து எடுத்துக்கொண்டாளே என்று சண்முகத்தாய்க்கு நெஞ்சு எரிந்தது.

பேச்சு ஞாயிற்றுக்கிழமை. ரிட்டயர்டு கண்டக்டர் வேலாயுதம் பலகையில் ஐந்து மணி என்று எழுதினார். செல்போன் ரிப்பேர் கடை ராபின் ஒன்பது என்று எழுதினான். சண்முகத்தாய் சாக்பீஸை வாங்கினாள். முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு வேண்டாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிக்கமாட்டார்களா?

இரண்டு என்று எழுதினாள்.

"படகு நல்லாத்தான் போகுது. ஆனா சண்டையே இல்லியேப்பா. ஒரு வெட்டு, ஒரு குத்து வேண்டாமா?" என்றார் வேலாயுதம்.

"முப்பது வருசம் பஸ்சுல சில்லறைக்குச் சண்ட போட்டது பத்தலியா அண்ணாச்சி?" என்றான் ராபின். "தண்ணிய என்னமா வரைஞ்சிருக்கான்! ஆடி முடிச்சு எந்திரிச்சா, கால் நனைஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாத்தேன். கண்ண மூடிட்டு வாங்கலாம்."

"கண்ண மூடிட்டு வாங்குனா படகு எங்க போகும்? நீ சும்மா இரு. நசீமா, நீ சொல்லும்மா."

"நான் பேசக்கூடாது அண்ணாச்சி. என் பேரு அதுல வருது" என்றாள் நசீமா.

சண்முகத்தாய்க்கு விரலில் ஊசி ஏறினதுபோல் இருந்தது. பேசமாட்டேன் என்று சொல்லியே பெயரைச் சொல்லிவிட்டாள் பார் என்று நினைத்தாள்.

"நான் சொல்லட்டா?" என்றாள். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல என்னால ஒக்கார முடியல. துடுப்பு போட்டா ஒரு பக்கமா இழுக்குது. ஒரே தண்ணி, ஒரே தெரு. துணி நல்ல துணிதான். தச்சவங்களுக்குத்தான் அளவெடுக்கத் தெரியல."

வேலாயுதம் தொடையில் தட்டிச் சிரித்தார். "தாயி அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ராபினுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப வேண்டாங்கியளா?"

நசீமா வளையலைச் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

"டீ குடிச்சிட்டு வாங்க. வந்து முடிவு பண்ணலாம்" என்றார் டீச்சர்.

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். சண்முகத்தாய் இறங்கவில்லை. ஜெயித்தாயிற்று. ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்த வீடு மாதிரி மனசுக்குள் ஒரு தீய்ந்த வாடை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த ஆட்டம் வாங்குற அளவுக்கு இருக்கா?"

"அதையா கேக்கணும்னு நின்னீங்க?"

சண்முகத்தாய் தரையைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியவில்லை.

"மொதமொதல்ல உங்ககிட்ட வந்தவ நான். இந்த ஹால்ல என்னைவிட நல்லா ஆடுறவங்க யாரு? அவளுக்கு இன்னும் கையும் கண்ணும் ஒண்ணா வரல. அவளப் போயி அனுப்புனீங்களே. ஏன் டீச்சர்?"

டீச்சர் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் போட்டார். 'பரிசல்' வந்தது. நேராக மூன்றாம் தெருவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆடுங்க."

"நான் இந்தத் தெருவுக்கே வரல டீச்சர். ரெண்டு மணி நேரந்தான..."

"வந்தாச்சே. ஆடுங்க."

சண்முகத்தாய் உட்கார்ந்தாள். சுவர் எங்கே இடிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேராக அங்கே போனால் குட்டு உடைந்துவிடும். புதிதாக ஆடுகிறவள்போல அவசர அவசரமாக நாலு பக்கமும் சுற்றினாள். முழுகினாள். மறுபடியும் சுற்றினாள். முழுகினாள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூனை வரட்டும், வந்த பிறகு அதைப் பார்த்து வழி கண்டுபிடித்ததுபோலப் போகலாம் என்று நினைத்தாள்.

எட்டுத் தடவை ஆயிற்று. பத்து ஆயிற்று. பதினாலு ஆயிற்று. கழுத்தெல்லாம் வேர்த்தது. கண் அந்தச் சுவரையே பார்த்தது.

"என்ன பாக்குறீங்க?" என்றார் டீச்சர்.

"பூனை இன்னும் வரலியே" என்றாள் சண்முகத்தாய்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கை துடுப்பை விட்டுவிட்டது. பரிசல் தானாகச் சுழன்று ரேஷன் கடை முக்கில் போய் நின்றது.

கீழே பாத்திரக் கடையில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"ராபின் இந்தத் தெருவைத் தாண்டினான். பூனையப் பாக்கல" என்றார் டீச்சர். "அண்ணாச்சியும் தாண்டினாரு. அவரும் பாக்கல. திரும்பத் திரும்ப முழுகுறவங்களுக்கு மட்டுந்தான் அது வரும்."

சண்முகத்தாய் தலையை நிமிர்த்தவில்லை.

"இதுல ஏன் வரல?" என்றாள்.

"இது அவங்க முதல்ல செஞ்சு எங்கிட்ட குடுத்தது. நசீமா மதுரையில ஆடினது. இதுல பூனை கிடையாது."

"அப்ப அவ..."

"நாலு நாள் இந்த முக்குலயே கிடந்தா. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா. எங்க முழுகினா, எத்தனை தடவை முழுகினா, எப்ப அழுகை வந்துச்சுன்னு. அதப் படிச்சிட்டுத்தான் அவங்க பூனைய வச்சாங்க."

சண்முகத்தாய் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் சுவர். அதன் மேல் மழை பெய்துகொண்டே இருந்தது.

"என்னை அனுப்பியிருந்தா டீச்சர்?"

டீச்சர் பலகையைப் பார்த்தார். சண்முகத்தாய் என்ற பெயருக்கு நேரே இருந்த இரண்டைப் பார்த்தார்.

"பூனை இருந்திருக்காது" என்றார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. வேலாயுதம் முன்னால் வந்தார். நசீமா ஒரு டீயைப் பேப்பர் கப்பில் மூடிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"அக்கா, நீங்க வரலியேன்னு வாங்கிட்டு வந்தேன். சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன்."

"சரி, முடிச்சிருவோம்" என்றார் வேலாயுதம். "தாயி அக்கா, கடைசியாச் சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?"

சண்முகத்தாய் எழுந்து பலகைக்குப் போனாள். சேலைத் தலைப்பால் இரண்டை அழித்தாள். சாக்பீஸை எடுத்து முப்பத்தொன்று என்று எழுதினாள்.

"என்னக்கா இது? ஒரு டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள இருபத்தொம்பது மணி நேரம் ஓடிப்போச்சா?" என்றான் ராபின்.

யாரும் சிரிக்கவில்லை. நசீமா மட்டும் அந்த எண்ணையே பார்த்தாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் ஆடினால்தான் அவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

சண்முகத்தாய் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் எல்லோரிடமும் எப்போதும் கேட்பதுபோல சண்முகத்தாயிடம் கேட்டார்.

"எங்க தோத்தீங்க?"

ஹாலில் இருந்தவர்கள் அவள் கை வழுக்கியதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

"மூணாந் தெருவுல" என்றாள் சண்முகத்தாய்.

டீச்சர் தலையை ஆட்டினார்.